கண்ணகியின் கழுத்தில் தொங்கிய அட்டை

கண்ணகி ஏதோ கம்பெனியில் சேர்ந்துவிட்டாளாம். கழுத்தில் நீல நாடா, அதில் ஓர் அட்டை, கையில் டிபன் பை. காலை வேளையில் செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் விறுவிறுவென்று போனாளாம். பார்த்தது சீனுவின் பெண்டாட்டி. அவள் சீனுவிடம் சொல்ல, சீனு அதை நெம்மேலி லாரி ஷெட்டில் தன் கூட்டாளி உலகநாதன் காதில் போட்டான்.

“அண்ணாத்த, அது சம்பளம் வாங்கிகினு கீது. நீ இன்னாத்துக்கு மாசாமாசம் ஆறாயிரம் அழுவுற?”

உலகநாதனுக்கும் கண்ணகிக்கும் விவாகரத்தாகி மூன்று வருஷம். மகள் காயத்ரி தாயோடு இருந்தாள். அவள் செலவுக்கென்று கோர்ட் போட்ட ஆறாயிரத்தை உலகநாதன் ஒரு மாதமும் தவறவிட்டதில்லை. ஆனால் இப்போது அவன் ஓட்டும் தண்ணீர் லாரிக்கு வாரத்தில் மூன்று நாள்தான் ஓட்டம். வக்கீலைப் பிடித்து, தொகையைக் குறைக்கச் சொல்லி மனுப் போட்டான்.

“கேஸு முடியிற வரைக்கும் அவங்க போன எடுக்காத. பேச்சுவாக்குல எதுனா ஒத்துக்கினு வந்து நின்னா என்னால ஆவாது,” என்றார் வக்கீல்.

கண்ணகி கூப்பிட்டாள். ஒரே வாரத்தில் பதினொரு தடவை. சண்டைக்குத்தான் என்று அவன் எடுக்கவில்லை. பிறகு அழைப்பு நின்றுபோனது.

மூன்று வாய்தாவிலும் அவள் பெயரைக் கூப்பிட்டார்கள், ஆள் வரவில்லை. அவன் தரப்பை மட்டும் கேட்டு, ஆறாயிரம் மூவாயிரமாயிற்று.

“சம்பாரிக்கிற திமிரு. கோர்ட்டுக்குக்கூட வரல பாரு,” என்றான் சீனு.

உத்தரவு நகலை வாங்கிக்கொண்டு இருவரும் செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்கு எதிரே டீக்கு நின்றார்கள். பிளாஸ்கில் பால் வாங்க ஒரு பெண் வந்தாள். கழுத்தில் நீல நாடா, அதில் அட்டை.

“எந்தக் கம்பெனிம்மா?” என்று கேட்டான் சீனு.

“கம்பெனியா? நல்லாக் கேட்ட போ. கொழந்தைங்க வார்டு பாஸு இது. கூட இருக்கறவங்களுக்குக் குடுப்பாங்க. இது இல்லாட்டி கேட்டுல உள்ள வுட மாட்டான்.”

உலகநாதன் பாதி டீயோடு டம்ளரை வைத்துவிட்டு ரோட்டைக் கடந்தான். சீனு கூட வரவில்லை. கேட்டில் செக்யூரிட்டி கையைக் குறுக்கே நீட்டினார்.

“பாஸ் எங்க?”

“இல்ல சார். எம் பொண்ணு உள்ள இருக்குதான்னு பாக்கணும்.”

“இருக்குதா இல்லியான்னு பெத்த உனுக்கே தெரியாதா? அவங்க அம்மாவுக்குப் போன் போடு. கீழ வந்து கூட்டிக்கினு போவட்டும்.”

போட்டான். மணி முழுக்க அடித்து ஓய்ந்தது. உத்தரவு நகலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மறுபடி போட்டான். பின்னால் வருகிறவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்கச் சொன்னார்கள், ஒதுங்கினான். நான்காவது தடவையாக மணி போய்க்கொண்டிருந்தது.