பச்சை இலைத் திரி

சித்தி லால்குடியிலிருந்து ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தது ஆனி மாதக் கடைசியில். நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. முந்தைய முறை அவள் இடுப்பில் இருந்த பாப்பா இந்த முறை இல்லை. காய்ச்சல் என்றார்கள், மேற்கொண்டு கேட்டால் விளையாடப் போகச் சொன்னார்கள். வந்த நாளிலிருந்து சித்தி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆடிப்பெருக்கன்று எல்லாரும் அம்மா மண்டபத்துக்குக் கிளம்பியபோதும் அவள் அறையை விட்டு வரவில்லை.

அன்று படித்துறையில் பக்கத்து வீட்டு அக்கா அம்மாவிடம், "பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்காளே" என்றாள். எனக்கு விஷயம் விளங்கிவிட்டது.

மறுநாள் சாயங்காலம் மாமாவுடன் கொள்ளிடக் கரைக்குப் போனேன். அங்கே இடுப்பளவு உயரத்தில் ஒரு செடி. தடித்த இலைகளில் பூனைமயிர், கொத்துக்கொத்தாக ஊதாப் பூ. பெயர் கேட்டேன். பேய்மிரட்டி என்றார். பேய் இதற்குப் பயப்படுமா என்று கேட்டேன்.

"உன்னப் பாத்தாலே ஓடிடும். இது எதுக்கு?"

நான் விடவில்லை. பேய் கதை தெரியாது, ஆனால் பஞ்சே வேண்டாம், இந்தப் பச்சை இலையே திரியாக எரியும் என்றார். நான் நம்பவில்லை. கை நிறையப் பறித்துக்கொண்டு வந்தோம். ஓர் இலையைச் சுருட்டி, அகலில் நல்லெண்ணெயில் தோய்த்து, நுனியில் தீக்குச்சி வைத்தார்.

எரிந்தது. நுனி மட்டும் கருத்திருக்க, அதற்குக் கீழே இலை பச்சையாகவே இருந்தது. மலைக்கோட்டை உச்சியில் கார்த்திகை தீபத்தைப் பல வருடம் பார்த்துவிட்டேன். இந்த இலைச் சுடரின் முன் நின்றதுபோல் எங்கும் நின்றதில்லை.

மாமா கை கழுவப் போனதும் அகலை ஏந்திச் சித்தியின் அறைக்குள் போனேன்.

"பயப்படாத சித்தி. இது பேய்மிரட்டி."

சித்தி குனிந்து புகையை முகர்ந்தாள். மின்விசிறிக் காற்றில் சுடர் அணையாதபடி இரு கைகளாலும் மறைத்துக்கொண்டாள்.

"இதத்தான் கொதிக்க வச்சு பாப்பாவுக்கு ஆவி காட்டினேன். பல்லு மொளைக்கிற காய்ச்சல்னு நெனச்சேன். நாலு நாளும் அப்படியே நெனச்சுக்கிட்டு இருந்துட்டேன்."

நான் அடுப்படிக்கு ஓடி, சித்தி பேசிவிட்டாள் என்று சொன்னேன். என்ன பேசினாள் என்று கேட்டார்கள். ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தேன். அம்மா கரண்டியோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள். மாமா வாசலுக்குப் போய் முதுகைக் காட்டி நின்றார். இவ்வளவு பெரிய காரியம் செய்துவிட்டு வந்திருக்கிறேன், ஒருவரும் மெச்சவில்லையே என்று எனக்குக் கோபம்.

அந்த வருடத்துக் கணக்கு நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. கடைசிப் பக்கத்தில், என் கையெழுத்தில்: "ஆடிப்பெருக்குக்கு மறுநாள், மாலை ஆறே கால். பேய் போய்விட்டது."