மட்டம் பார்த்தாயிற்று, அடியில் யார் பார்ப்பது?

போன ஞாயிறு எங்கள் வீட்டுப் பின்பக்கம் ஒரே கூட்டம். சமையற்கட்டுக்கு வெளியே, துணி துவைக்கிற சிமெண்ட் ஸ்லாப்பைத் தூக்கினார்கள்.

எங்கள் ஊர் சுங்கை லாலாங்கின் மழை தெரியுமல்லவா? கூரைத் தண்ணீர் கொட்டிக் கொட்டி அடிமண் கரைந்து, ஸ்லாப் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது.

"வழுக்குதுடா தம்பி, சரி பண்ணிக் குடு" என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார்.

"தீபாவளிக்குப் பாத்துக்கலாம் லா" என்பார் மாமா. அம்மாவின் சொந்தத் தம்பி. கட்டட வேலை எடுத்துச் செய்கிறவர்.

தீபாவளிக்கு முன்னாலேயே அம்மா அதில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரிக்குப் போனவர்... திரும்பவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை அம்மாவின் பதினாறாம் நாள் காரியம். சொந்தக்காரர்கள் வருவார்கள். பின்பக்கம்தான் சமையல். மாமாவுக்கு உடனே நேரம் கிடைத்துவிட்டது! லோரியைத் தூக்கும் ஜாக்கி வந்தது, ஆட்கள் வந்தார்கள். ஸ்லாப்பைத் தூக்கி, செங்கல் முட்டுக் கொடுத்து, ரசமட்டம் வைத்தார்கள். குமிழி நட்டநடுவில் நின்றது.

"பாத்தியா? மேசை மாதிரி இருக்கு!" என்றார் மாமா.

நான் குனிந்து பார்த்தேன். அடியில் பூனை படுக்கிற அளவுக்கு இடம்.

"உள்ள காலியா இருக்கே மாமா?"

"ஓரத்துல சிமெண்ட் பூசிடலாம் பாப்பா. யாரு குனிஞ்சு பாக்கப் போறா?"

"அப்பாவுக்குக் கண்ணு சரியாத் தெரியாது. தெனமும் இங்கதான் கால் கழுவுறாரு. மறுபடி எறங்குனா? ஓட்டை போட்டு உள்ள சிமெண்ட் ஊத்தலாமே?"

"காரியம் முடியட்டும். துக்க வீட்ல ஓட்டை போடக் கூடாது."

"தூக்கலாம், ஓட்டை போடக் கூடாதா?"

"அடேங்கப்பா! அக்கா வாய் அப்படியே இருக்கு லா இதுக்கு!"

எல்லோரும் சிரித்தார்கள்.

சாவு வீட்டில் எதைச் செய்யக் கூடாது என்று சொல்ல எத்தனை பேர்! உயிரோடு இருந்தபோது செய்ய வேண்டியதை யாராவது ஞாபகப்படுத்தினார்களா?

அவர்கள் போனதும் பக்கத்து வீட்டில் டிரில் இரவல் வாங்கினேன். முதலில் கூரைத் தண்ணீருக்கு பைப் மாட்டி, காண்டாவுக்கு, அந்தச் சாக்கடைக்கால்வாய்க்குத் திருப்பினேன். ஸ்லாப்பைச் சுற்றிப் பலகை வைத்து அடைத்தேன். பிறகு ஸ்லாப்பின் மேல் ஓட்டைகள் போட்டேன். மணலும் சிமெண்டும் கஞ்சி மாதிரி கரைத்து, அறுத்த பாட்டிலைப் புனல் மாதிரி கவிழ்த்து அந்த ஓட்டைகளில் ஊற்றினேன். ஒரு ஓட்டையில் ஊற்றுவது அடுத்த ஓட்டையில் எட்டிப் பார்க்க வேண்டும். இல்லையென்றால் நடுவில் காலி இருக்கிறது என்று அர்த்தம்.

ஊற்ற ஊற்ற உள்ளே போய்க்கொண்டே இருந்தது. அப்பா வாசற்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னுமா குடிக்குது?"

"ஆமாப்பா."

"குடிக்கட்டும். ஊத்து."

காரியத்தன்று மாமா அந்த ஸ்லாப்பில் நின்று எல்லோரிடமும் சொன்னார்: "நாந்தான் தூக்கினேன். கல்லு மாதிரி நிக்குது பாருங்க!" குதித்தும் காட்டினார்.

நான் அப்பாவின் கையைப் பிடித்து அதே ஸ்லாப்புக்குக் கால் கழுவக் கூட்டிப்போனேன்; மாமாவுக்கு மனதுக்குள் சொன்னேன்:

அம்மா கேட்டதும் இவ்வளவுதான் மாமா — விழாமல் நிற்க ஓர் இடம்.