பெட்டியின் மேல் ஒரு கை

சிலாபத்தில் எங்கள் இசைக்குழுவுக்கு ஸ்பீக்கர் தந்த கடைக்காரர் அவர் ஒருவர்தான். கிட்டாரை அலறவிட்டு, தகரத்தை உரசி நாங்கள் வாசிப்பதைக் கேட்ட மற்றவர்கள் கதவைச் சாத்தினார்கள். இவர் வாடகைகூடக் கேட்கவில்லை.

பருத்த உடம்பு, வெற்றிலைச் சிவப்பேறிய உதடு. நாங்கள் தொடங்கியதும் ஸ்பீக்கர் பெட்டியில் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். மூன்றாவது பாட்டுக்குள் மண்டபம் காலியாகிவிடும். அந்தக் கை மட்டும் விலகாது. அந்த ஒரு கைக்காகவே இரண்டு வருடம் வாசித்தேன்.

ஒருநாள் ஆசையாகக் கேட்டேன். “எங்கட பாட்டில எது அண்ணே உங்களுக்குப் பிடிச்சது?”

“பாட்டா?” என்று விழித்தார். “திருத்தின பெட்டிய மாதா கோயில் திருநாளுக்குக் குடுக்க முந்திச் சோதிக்கோணுமே தம்பி. உங்கட சத்தத்துக்குக் கிழியாட்டி, வேற எதுக்கும் கிழியாது.”

திருநாளன்று போனேன். அதே பெட்டிகளில் மாதா பாட்டு ஒலித்தது. அவர் பெட்டிப் பக்கமே போகவில்லை. சனத்துக்குள் நின்று, இரண்டு கையையும் கூப்பி, கண் கலங்கப் பாடிக்கொண்டிருந்தார்.

பெட்டியில் ஒரு கரகரப்பும் இல்லை. நாங்கள்தானே சோதித்துக் கொடுத்தோம்.