கேரம் காய்கள் ஏறிய பஸ்

மூன்று மாதமாகக் கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டி நான் செய்த விளையாட்டு சப்பென்று இருந்தது. தொழிற்சாலை பஸ்ஸை ஓட்டி, ஷிப்ட் தொடங்குமுன் ஆட்களைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். ஆடிப் பார்த்தவர்கள் எல்லோரும் ஐந்து நிமிடத்தில் கொட்டாவி விட்டார்கள். திங்கட்கிழமை எங்கள் கம்பெனி முதலாளி பார்ப்பார். பிடிக்காவிட்டால் விளையாட்டையே மூட்டை கட்டிவிடுவார். அப்புறம் எனக்குப் பழையபடி சிங்கப்பூர் வேலைதான். விடியுமுன் எழுந்து, சிங்கப்பூருக்குப் போகும் எல்லைப் பாலத்து நெரிசலில் ஆறு வருடம் நின்றவள் நான். சத்தியமாக இன்னொரு தடவை முடியாது.

ஞாயிறு காலை எரிச்சலில் லேப்டாப்பைச் சாத்திவிட்டு, சாப்பாட்டு மேசையில் பிஸ்கட் டின் மூடியை பஸ்ஸாகவும் கேரம் காய்களை ஆட்களாகவும் வைத்தேன். போனில் அலாரம் வைத்துவிட்டு, பாசிர் கூடாங் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கும் அண்ணியை ஆடக் கூப்பிட்டேன்.

அலாரம் அடித்ததும் மூடியை நகர்த்தினேன். அண்ணி அதை அமுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"இரு லா, ஒரு ஆளு இன்னும் வரல."

"நேரம் முடிஞ்சிருச்சு அண்ணி. பஸ் போயிரும். அதான் ரூல்."

"எந்த ஊர்ல? எங்க டிரைவர் போன் அடிச்சுக் கேப்பாரு, ரெண்டு நிமிஷம் நிப்பாரு. உள்ள இருக்கவங்க முணுமுணுப்பாங்க, அது வேற."

எனக்குச் சுருக்கென்றது. பாலம் தாண்டும் பஸ் யாருக்காகவும் நிற்காது. இமிகிரேஷனில் பிந்தினால் போனதுதான். அந்தப் புத்தியிலேயே விதி எழுதித் தொலைத்திருக்கிறேன். திரையில் ஆடியவர்களால் பஸ்ஸைக் கையால் பிடிக்கவும் முடியவில்லை, எனக்கும் உறைக்கவில்லை.

உடனே விதியை மாற்றினேன். யாருக்காகவும் காத்திருக்கலாம், ஆனால் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பஸ்ஸில் ஒரு தீக்குச்சி ஏறும். பத்து சேர்ந்தால் எல்லோருக்கும் தாமதம். அண்ணி மதியச் சமையலையே மறந்து ஆடினார்.

திங்களன்று கம்ப்யூட்டரில் ஒரு வரிகூட மாற்றவில்லை. டின் மூடியோடு போனேன்.

"என்னமா இது, பாலர் பள்ளியா?" என்றார் முதலாளி. நான் மூடியையும் காய்களையும் அவர் மேசையில் பரப்பினேன். ஆனாலும் உட்கார்ந்தார்.

மூன்றாவது ஆட்டத்தில் ஒன்பது குச்சி சேர்ந்துவிட்டது. ஒரு கறுப்புக் காயை விட்டுவிட்டு மூடியைத் தள்ளினார். மற்றவர்கள் நேரத்துக்குச் சேர்ந்தார்கள்.

"ஜெயிச்சிட்டீங்க சார்," என்றேன்.

அவர் அந்தக் காயையே பார்த்துக்கொண்டிருந்தார். "இவ இப்ப எப்படி வேலைக்குப் போவா?"

"தெரியல சார்."

"அடுத்த மாசத்துக்குள்ள அதையும் யோசிச்சு வை."

அடுத்த மாதம். நான் கழிவறைக்குப் போய், கதவைத் தாழிட்டுக்கொண்டு, ஆசைதீர அழுதேன்.