நைனா அடைத்த ஓட்டை

எங்கள் பழவேற்காட்டில் ஓட்டையைக் கண்டால் அடைத்துவிட்டுத்தான் மறு வேலை. படகை நம்பிக் கடலுக்குப் போகிறவர்களுக்கு அது ரத்தத்தில் ஊறிய புத்தி. என் நைனாவுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே ஊறியிருந்தது.

நைனாவின் தங்கை, அதாவது என் அத்தை, புருஷன் வீடு வேண்டாமென்று திரும்பி வந்தவள். தலையில் மீன் கூடை சுமக்க முடியாது என்று சொல்லிவிட்டு ஒரு பழைய ஜீப்பை வாங்கினாள். லைட்ஹவுஸ் குப்பத்து மணலில் ஆட்டோ புதைந்துவிடும். அத்தையின் ஜீப் புதையாது. மீன் பெட்டிகளோடு, ஏரித் தண்ணீர் ஏறிக் கிடக்கும் பாதையிலும் பாதிச் சக்கரம் மூழ்க இறங்கிக் கரையேறி வந்துவிடும். பொம்பளைக்கு எதற்கு ஜீப்பு என்று கேட்டவர்களின் வாயையெல்லாம் அடைத்தவர் நைனாதான். வண்டி படுத்தால் அத்தையின் பிழைப்பும் படுத்துவிடும் என்பது எட்டு வயதுப் பெண்ணான எனக்கே தெரியும்.

ஒரு மழைக்காலத்தில் வண்டியின் பின்பக்கம் முனக ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில், டச்சுக் கல்லறைக்குப் பின்னால் இருந்த எங்கள் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, சக்கரங்களுக்குக் கல் முட்டுக் கொடுத்துவிட்டு அத்தை அடியில் நுழைந்தாள். நானும் பக்கத்தில் மணலில் குப்புறப் படுத்துக்கொண்டேன்.

இரண்டு பின் சக்கரங்களுக்கும் நடுவே பூசணிக்காய் அளவுக்கு ஓர் இரும்பு உருண்டை. அதற்குள் பல் சக்கரங்கள் எண்ணெயில் குளித்துக்கொண்டிருக்குமாம். எண்ணெய் வடிக்கிற நட்டு கீழே இருந்தது. அத்தை அதைத் தொடாமல் மேலே இருந்த நட்டைத்தான் முதலில் கழற்றினாள்.

"கீழ வடிச்சிட்டு, ஊத்தற வாய தொறக்க வரலன்னா இன்னா பண்றது?" என்றாள்.

இப்படியும் ஒரு மூளையா என்று வாயைப் பிளந்தேன். பிறகு கீழ் நட்டு. கறுப்பாக வரும் என்று காத்திருந்தால் பால் டீ வந்தது. அழுகின முட்டை நாற்றத்தோடு, கொழகொழவென்று அடியில் வைத்திருந்த பேசினில் சுருண்டு விழுந்தது. ஓர் இரும்பு வயிற்றுக்குள் இப்படியெல்லாம் நடக்கிறதா என்று எனக்கு உடம்பு சிலிர்த்தது. அத்தையின் முகம் செத்துப்போயிற்று.

"உள்ள தண்ணி பூந்துக்குது," என்றாள்.

உருண்டையின் தலைப்பக்கம் கையை விட்டுத் துழாவினாள். படகு ஒட்டுகிற பிசின் கட்டியாக அங்கே இறுகிக் கிடந்தது. ஸ்க்ரூடிரைவரால் அதைப் பெயர்த்தெடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

வெளியே குந்தியிருந்த நைனா, "இன்னாம்மா ஆச்சு?" என்று கேட்டார்.

அத்தை கட்டியைக் கைக்குள் மூடிக்கொண்டாள். "ரப்பர் சீல் தேஞ்சி போச்சுண்ணா. பழைய வண்டிதான."

"நல்லவேள, மேல ஒரு ஓட்ட இருந்துச்சு. போன மாசம் நான்தான் பாத்து அடைச்சேன். இல்லன்னா இன்னும் பூந்திருக்கும்."

"ஆமாண்ணா."

டீசல் ஊற்றி அலசி வடித்தாள். புது ஆயிலைப் பாட்டிலில் நிரப்பி, ட்யூப் செருகி, மேல் வாயில் சொட்டும்வரை பிழிந்து ஏற்றினாள். கடைசியில், பிசினைப் பெயர்த்த அந்த ஓட்டையிலேயே ஒரு நீளமான ட்யூப்பை மாட்டி சீட்டுக்குப் பின்னால் உயரத்துக்குக் கொண்டுவந்து, "நீ கட்டுண்ணா. உன் முடிச்சுதான் அவுறாது," என்றாள். நைனா வலை நூலால் கட்டினார். வண்டி முனகாமல் கிளம்பியது. அன்று அத்தையைவிடப் பெரிய ஆள் எனக்கு உலகத்தில் யாருமில்லை.

ஓடிச் சூடான அந்த இரும்பு உருண்டை தண்ணீரில் இறங்கினால் குளிர்ந்து உள்ளே காற்றை இழுக்கும். காற்று வரும் வழியான அந்த மேல் ஓட்டையை அடைத்தால் சீல் வழியாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். இதெல்லாம் பல வருஷம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அன்று தெரிந்ததெல்லாம், அத்தை வேலிக்கு வெளியே வீசிய கட்டியில் ஒரு கட்டைவிரல் தடம் அழகாகப் பதிந்திருந்தது என்பதுதான். பொறுக்கிவந்து சாயங்காலம் நைனாவிடம் கொடுத்தேன்.

"இது ஏது?"

"வண்டிக்கு அடியில அத்த பேத்து எடுத்துச்சு. உன்னாண்ட காட்டாம வீசிடுச்சு."

நைனா அந்தத் தடத்தில் தன் கட்டைவிரலை வைத்துப் பார்த்தார். பிறகு வாசலில் நின்ற ஜீப்பையும், தான் கட்டிய ட்யூப்பையும் பார்த்தார். கட்டியை மடியில் முடிந்துகொண்டு எழுந்து போனார்.

அதற்குப் பிறகு அவர் ஓட்டை அடைத்த கதையை யாரிடமும் சொல்லவில்லை. அவருக்கும் சேர்த்து நான் சொன்னேன். எங்க நைனாதான் ஓட்டைய அடைச்சி ஜீப்பக் காப்பாத்துச்சு என்று பள்ளிக்கூடத்தில் சொன்னேன், கடைத்தெருவில் சொன்னேன், சோற்றுக்கு உட்கார்ந்திருந்த நைனாவையும் அத்தையையும் வைத்துக்கொண்டே வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன். அப்போதெல்லாம் இருவரும் ஏன் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சோற்றையே பிசைந்துகொண்டிருந்தார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.