எட்டு மிருதங்கங்களுக்கு இடம் தேடிய வருஷம்

மிருதங்கம் சொல்லித்தரும் தொழிலில் கைவலி இரண்டு வருஷத்தில் பழகிவிடும். வகுப்புக்கு இடம் தேடி அலையும் கால்வலிதான் பழகுவதே இல்லை. பாட்டோ நடனமோ சொல்லிக்கொடுத்துக் காலம் தள்ளுகிறவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. தொண்ணூறுகளின் நடுவில், மயிலாப்பூரில் ஒரு பள்ளிக்கூட அறையில், அரசு உதவியோடு நடந்த மாலை வகுப்புக்கு நான் டீச்சர். மாணவர்கள் எட்டுப் பேர். எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள்.

மூன்று வரி

உதவி நிறுத்தப்பட்டது என்று வந்த கடிதத்தில் மொத்தமே மூன்று வரிதான். வாடகை தராவிட்டால் அறை கிடையாது. வகுப்பில் படித்துக் காட்டினேன். நர்ஸ் ஸ்டெல்லா மிருதங்கத்தை உறைக்குள் போட்டாள். என்ன நினைத்தாளோ, திரும்ப வெளியே எடுத்தாள். ஆஸ்பத்திரியில் நாளெல்லாம் மெதுவாகப் பேசி மெதுவாக நடக்கிற வேலை. வாரத்தில் இரண்டு நாள் சத்தம் போடத்தான் இங்கே வருகிறேன் என்பாள்.

திருவல்லிக்கேணிக்காரரான பஸ் கண்டக்டர் கபாலி கடிதத்தை வாங்கி, பின்பக்கம் ஏதாவது இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்தார். "நாம இன்னா வாசிக்கிறோம்னு ஒரு தபா வந்து கேட்டுட்டாவது நிறுத்தியிருக்கலாமே டீச்சர்!"

மனு

வந்து கேட்டிருந்தால் போன வருஷமே நிறுத்தியிருப்பார்கள் என்று நான் அவரிடம் சொல்லவில்லை. ஒரு மனு எழுதினோம். நானும் ஸ்டெல்லாவும் தெப்பக்குளத்தைச் சுற்றி நடப்பவர்களிடம் கையெழுத்துக் கேட்டோம். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் நின்று நிதானமாக முழுவதும் படித்தார். பேனாவை எடுத்தார். கையெழுத்துப் போடப்போகிறார் என்று பார்த்தால், ஒற்று விட்ட இடங்களையெல்லாம் திருத்திக் கையில் கொடுத்துவிட்டு நடந்தார்.

திருத்தியபடி மறுபடி எழுதி, மறுபடி சுற்றி வந்து, நாற்பது கையெழுத்தோடு அலுவலகத்துக்குப் போனேன். மூன்றாவது நடையில்தான் அதிகாரியைப் பார்க்க முடிந்தது. மனுவை இரண்டு தடவை படித்தார். உண்மையிலேயே வருத்தப்பட்டார் என்றுதான் நினைக்கிறேன். "எங்க கையில ஒண்ணுமில்லம்மா. ஆனா இவ்வளவு சுத்தமான தமிழ்ல ஒரு மனு பார்த்து ரொம்ப நாளாச்சு."

கூடம்

எங்கள் கதையைக் கேள்விப்பட்ட மயிலாப்பூர் மாமி ஒருவர் தன் வீட்டுக் கூடத்தையே திறந்துவிட்டார். முதல் நாள் எல்லோருக்கும் காபிகூடக் கொடுத்தார். எட்டு மிருதங்கம் ஒன்றாகச் சேர்ந்ததும் மாடியில் குடியிருந்தவர் இறங்கி வந்தார். அடுத்த வகுப்பில் எதிர்வீட்டுக்காரரும் வந்தார்.

மூன்றாம் நாள் மாமி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கண் கலங்கியிருந்தது. "நீங்க வரதுல நேக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லைடிம்மா. வாசிக்காம சொல்லிக்குடுக்க முடியுமோ?"

புடவைகளுக்கு நடுவே

இரண்டு வாரம் அப்படியும் நடத்தினோம்; தொடையில் தட்டிக்கொண்டு வாயால் சொல்வதோடு சரி. பிறகு தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருந்த திருநெல்வேலிக்காரர் அண்ணாச்சி, கிடங்கில் இடம் கொடுத்தார். சுற்றிலும் புடவை மூட்டைகள். சத்தம் வெளியே போகவில்லை. எங்களுக்கே சரியாகக் கேட்கவில்லை. வங்கிக் குமாஸ்தா ராகவன், தான் வாசிப்பது தன் காதிலேயே விழவில்லை என்று வகுப்பிலிருந்து நின்றுகொண்டார். நான் தடுக்கவில்லை.

ஆடித் தள்ளுபடி வந்தது. கடை வாசலில் உட்கார்ந்து வாசிக்க முடியுமா என்று அண்ணாச்சி கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. இடம் கொடுத்தவரிடம் எப்படி மறுப்பது? கபாலிதான், "பஸ்ஸுல கூவாத கூவலா, வா டீச்சர்" என்று முதலில் போய் உட்கார்ந்தார். ஒரு மணி நேரம் வாசித்தோம். ஜனங்கள் எங்களைத் தாண்டிக்கொண்டு உள்ளே போனார்கள். முடிந்ததும் அண்ணாச்சி கையெடுத்துக் கும்பிட்டார். "நல்லா அடிச்சிய டீச்சர். நாளைக்கு இன்னும் கொஞ்சம் சத்தமா அடிச்சா, எதுத்த கடைக் கூட்டமும் இங்க வந்துரும்லா!"

சாப்பாட்டுக்கூடம்

மறுநாள் நான் போகவில்லை. கடைசியில் அடையாறில் ஒரு கல்யாண மண்டபத்தின் மேனேஜர், சாப்பாட்டுக்கூடத்தைத் தரச் சம்மதித்தார். கல்யாணம் இல்லாத நாளில் மட்டும். ஈரத் தரை, சாம்பார் வாசனை, நல்ல எதிரொலி. ராகவனுக்குப் பின்னால் இன்னும் இருவர் நின்றுவிட, எட்டு மாணவர்கள் ஐந்தாகியிருந்தார்கள். ஆனால் முதல் நாள் ஓங்கி ஒரு 'தோம்' விழுந்தபோது, நான் எழுந்து ஜன்னல் பக்கம் போய்ச் சற்று நேரம் நிற்க வேண்டியிருந்தது.

ஆவணி பிறந்ததும் சுவரில் இருந்த காலண்டரில் முகூர்த்த நாட்களை எண்ணிப் பார்த்தோம். வகுப்புக்கு மிஞ்சியது சொற்பம். ஸ்டெல்லா காலண்டரையே பார்த்துக்கொண்டு நின்றாள். "தப்புதான் டீச்சர். ஆனா இந்த மாசம் யாருக்கும் கல்யாணம் கூடி வரக்கூடாதுன்னு தினமும் ஜெபம் பண்றேன்."

அரசு கைவிட்டால் கலையை ஊர் தாங்கும் என்று மேடையில் பேசுகிறவர்களுக்கு நான் இப்போதும் கை தட்டுகிறேன், ஏனென்றால் எங்களை ஊர் தாங்கியது நிஜம்தான், முகூர்த்தம் இல்லாத நாட்களில்.