செல்வமணியின் பிடியரிசி

போன ஞாயிறு எங்கள் வேதக்கோவிலில் காணிக்கைப் பை வரவில்லை. வாசல் தூணில் ஓர் அட்டை ஒட்டியிருக்கிறார்கள். செல்போனைக் காட்டினால் காணிக்கை போய்விடுமாம். முன்னால் நின்ற பெண் காட்டினாள், டிங் என்றது. எவ்வளவு போட்டாள் என்று எட்டிப் பார்த்தேன், தெரியவில்லை. எழுபத்தெட்டு வயதிலும் இந்தப் புத்தி போகவில்லை, பாருங்கள்.

இந்தப் புத்தி வந்து ஒட்டியது நான் கல்லல் ஊருக்குப் பக்கத்தில் டீச்சராக இருந்தபோது. அறுபதுகளின் கடைசி, கல்யாணமான புதுசு. அங்கே சபையில் பிடியரிசி என்று ஒரு வழக்கம். ஒவ்வொரு தடவை உலை வைக்கும்போதும், அரிசியைக் களைவதற்கு முன்னால், ஆண்டவருக்கென்று ஒரு பிடி எடுத்துத் தனியே வைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அதைக் கொண்டுபோய்ப் பெரிய கூடையில் கொட்டுவோம். மாசக் கடைசியில் கூடை அரிசி கஷ்டப்படுகிற ஒரு வீட்டுக்குப் போகும்.

செல்வமணி கூலிக்கு நாற்று நடுகிறவள், என் வயசுதான். துருப்பிடித்த பால்பவுடர் டின்னில் கொண்டுவருவாள். கூலியாகக் கிடைக்கிற நெல்லைக் குத்திய அரிசி. கொஞ்சம் சிவப்பு, கொஞ்சம் வெள்ளை, குருணை, சில வாரம் கேப்பைகூடக் கலந்திருக்கும். அவள் டின்னைக் கவிழ்த்ததும் போதகரின் மனைவி ஐயரம்மாவுக்கு முகமெல்லாம் பல். "செல்வமணி கை தாராளக் கை" என்பார். நான் சம்பளத்தில் பத்தில் ஒன்றைத் தவறாமல் கவரில் போட்டு, மேலே கொட்டை எழுத்தில் பேரெழுதிக் கொடுக்கிறவள். என் கவருக்கு ஒரு வார்த்தை கிடையாது. வயிறு எரிந்தது, சொல்வதற்கென்ன!

ஒரு சனிக்கிழமை மூட்டையை அவிழ்த்து, இரண்டு படி சன்ன அரிசியைப் புது எவர்சில்வர் தூக்கில் கொட்டிக்கொண்டேன். மறுநாள் கூடையில் கவிழ்த்தபோது செல்வமணி வாயைப் பிளந்தாள்.

"ஏன் டீச்சர், ஊர்லேர்ந்து விருந்தாளுக வந்துருந்தாகளா? ரெண்டு பேருக்கு இம்புட்டு உலை வச்சிருக்கீக!"

கள்ளமில்லாமல்தான் கேட்டாள். பின்னால் நின்ற பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். ஐயரம்மா பாட்டுப் புத்தகத்தில் எதையோ தேடினார். அன்றைக்குப் பிரசங்கம் எதைப் பற்றி என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

அடுத்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. நடவு இல்லை, கூலி இல்லை. செல்வமணியின் டின்னில் அரிசி குறைந்துகொண்டே வந்து, அப்புறம் அவள் கோவிலுக்கு வருவதே நின்றது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஆமாம், சந்தோஷம்தான். கூடையில் பாதி நான் விடாமல் கொட்டிவந்த சன்ன அரிசி, இனி போட்டிக்கு ஆளில்லை.

அந்த மாசம் கூடை அரிசி அவள் வீட்டுக்கு என்று முடிவானது. கொண்டுபோய்க் கொடுக்க என்னையே அனுப்பினார்கள். நல்ல சேலையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு போனேன். பிள்ளைகள் இரண்டும் அடுப்புப் பக்கமே உட்கார்ந்திருந்தன. செல்வமணி கண்கலங்கி வாங்கிக்கொண்டாள். உலைக்கு அரிசி அள்ளும் முன், மாடத்திலிருந்து அந்தப் பால்பவுடர் டின்னை எடுத்தாள். கை கொள்ளாமல், விரலிடுக்கில் வழிய வழிய ஒரு பிடி அள்ளி அதில் போட்டாள்.

"என்ன செல்வமணி, இது கோவில் அரிசிதானே?" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"அதான் குடுத்துட்டீகளே டீச்சர். இப்ப எங்க அரிசிதான?"

டின்னுக்குள் எட்டிப் பார்த்தேன். மேலாகக் கிடந்தது என் சன்ன அரிசி. நான் பெருமைக்குக் கொட்டியதை அவள் பசியோடு கொடுத்துவிட்டாள். அவளிடம் ஒன்றுமே இல்லாத அந்த நாளில் பட்ட பொறாமை மாதிரி அதற்கு முன்னும் பின்னும் நான் பட்டதில்லை.

அன்று ராத்திரியிலிருந்து நானும் உலை வைக்கும்போதே ஒரு பிடி எடுக்க ஆரம்பித்தேன். இன்றைக்கும் குக்கரில் போடும் முன் எடுக்கிறேன். எடுத்த பிடியிலிருந்து கொஞ்சம் மறுபடி குக்கருக்குள்ளேயே விழும். தானாக விழுகிறதா, நான் விடுகிறேனா, ஆண்டவருக்குத்தான் வெளிச்சம். டப்பா நிறைந்துவிட்டது. கொட்டக் கூடை இல்லை. பக்கத்தில் நின்று, எம்புட்டு உலை வச்சீக டீச்சர் என்று கேட்கச் செல்வமணியும் இல்லை.